காசில் தெரியும் இரட்டை எழுத்து: அச்சுப் பிழையா, தேய்மானமா?

சாமி அறையைச் சுத்தம் செய்யும்போது பழைய காசு கிடைப்பது டர்பன் தமிழர் வீடுகளில் சாதாரணம். நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த பென்னி, குத்துவிளக்குக்கு அடியில் கிடந்த டிக்கி என்ற மூன்று பென்னிக் காசு, தாத்தாவின் தகர டப்பாவில் தங்கிவிட்ட ஒரு சென்ட் காசுகள். முன்பெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார்கள். இப்போது கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். ஆண்டு எண்ணுக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு எண் தெரிகிறது. 'டபுள் டை' காசுக்குப் பெரிய விலை உண்டு என்று எங்கேயோ படித்திருக்கிறார்கள். அப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அந்த நிழல் பெரும்பாலும் டபுள் டை இல்லை. தேய்மானமோ களிம்போ துருவோ இருக்கும். மேல் முலாம் கிழிந்திருக்கும், இல்லையென்றால் காசு அடித்த இயந்திரம் கொஞ்சம் ஆட்டம் கொடுத்திருக்கும். இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். காசு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

காசு அடிக்க இரண்டு அச்சுகள் வேண்டும். தலைக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று. இரண்டும் எஃகு. காசில் மேடாகத் தெரிவது அச்சில் பள்ளமாக இருக்கும். வெறும் உலோக வில்லையை நடுவில் வைத்து டன் கணக்கில் அழுத்தம் கொடுத்தால், உலோகம் அந்தப் பள்ளங்களுக்குள் புகுந்து எழுத்தும் படமுமாக எழும்பும். 1923-ல் பிரிட்டோரியாவில் நாணயச்சாலை திறந்ததிலிருந்து தென்னாப்பிரிக்காவின் காசுகள் பிறப்பது இப்படித்தான்.

சரி, அந்த அச்சு எங்கிருந்து வருகிறது? அதற்கு ஒரு தாய் அச்சு உண்டு. தொழிலில் அதை 'ஹப்' என்பார்கள். ஹப்பில் படம் காசில் இருப்பது போலவே மேடாக இருக்கும். இளக்கிய எஃகுத் துண்டின் மேல் ஹப்பை வைத்து அழுத்தினால் பள்ளமான அச்சு கிடைக்கும். பழைய முறையில் படம் ஒரே அழுத்தில் முழுசாக இறங்காது. அழுத்த அழுத்த எஃகு இறுகிவிடும். அதனால் அதை உலையில் சூடாக்கி மறுபடி இளக்கி, அதே ஹப்பின் கீழ் வைத்து இரண்டாவது தடவை அழுத்துவார்கள். இரண்டாவது தடவை வைக்கும்போது முதல் பதிவின் மேல் மிகச் சரியாக உட்கார வேண்டும். மயிரிழை திரும்பிவிட்டாலும் அச்சிலேயே எழுத்து இரண்டு முறை பதிந்துவிடும். டபுள் டை என்பது இதுதான்.

பிழை காசில் நடக்கவில்லை, அச்சில் நடந்திருக்கிறது என்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முறுக்கு அச்சின் துளையில் ஒரு பிசிறு இருந்தால் அன்று பிழிகிற எல்லா முறுக்கிலும் அதே கோடு விழும். டப்பாவில் உடைகிற முறுக்கோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உடையும். டபுள் டை முதல் வகை. தேய்மானமும் துருவும் இரண்டாவது வகை. உங்கள் கையில் இருக்கிற இரட்டிப்பு உண்மையானால், அதே அச்சில் அடித்த ஆயிரக்கணக்கான காசுகளில் அதே எழுத்தில், அதே திசையில், அதே அளவில் அது இருந்தாக வேண்டும்.

உலகத்தில் அதிகம் பேசப்படும் டபுள் டை, அமெரிக்காவின் 1955 லிங்கன் சென்ட். பிலடெல்பியா நாணயச்சாலையில் பிழையான ஒரு அச்சு இயந்திரத்தில் ஏறிவிட்டது. கவனிப்பதற்குள் அது அடித்த காசுகள் மற்ற காசுகளோடு கலந்துபோயின. அவற்றைப் பொறுக்கி எடுக்க முடியாமல் வெளியே விட்டார்கள். அப்படிப் போனவை 20,000-க்கு மேல் இருக்கும் என்பது மதிப்பீடு. அந்தக் காலத்தில் சிகரெட் விற்கும் இயந்திரத்தில் 25 சென்ட் காசு போட்டால், மீதிச் சில்லறையாக இரண்டு சென்ட் பாக்கெட்டின் மேலுறைக்குள்ளேயே இருக்கும். அந்த வழியாகவும் பல காசுகள் மக்கள் கைக்கு வந்தன. அந்தச் சென்டில் ஆண்டு எண்ணும் மேலே இருக்கும் வாசகமும் கண்ணாடி இல்லாமலே இரண்டாகத் தெரியும். லிங்கன் முகம் மட்டும் ஒற்றையாகத்தான் இருக்கும். ஹப் மையத்தைச் சுற்றித் திரும்பியதால் விளிம்பில் இருக்கும் எழுத்துகள் அதிகம் விலகின, நடுவில் இருந்த முகம் அசையவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவாக விலகியது. உண்மையான பிழைக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கும். விளிம்பு எழுத்துகள் எல்லாம் கடிகாரத் திசையில் விலகியிருக்கும்போது நடுவில் ஒரே ஒரு எழுத்து மட்டும் எதிர்த்திசையில் விலகியிருந்தால் அங்கே சந்தேகப்பட வேண்டும்.

1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஒரே அழுத்தில் அச்சுச் செய்யும் முறைக்கு மாறினார்கள். அதன்பின் இவ்வளவு பெரிய விலகல் வருவது கடினமாகிவிட்டது. ஆனாலும் அச்சுத் துண்டு சாய்வாக உட்கார்ந்து அழுத்தத்தின் நடுவில் நேரானால், மையப் பகுதியில் சின்ன இரட்டிப்பு இன்றைக்கும் வருகிறது.

இனி காசைக் கையில் எடுப்போம். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும் மேசை விளக்கு ஒன்றும் போதும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும். காசை மெல்லச் சுற்றிக்கொண்டே பாருங்கள். சுற்றும்போது இடம் மாறும் அல்லது காணாமல் போகும் கோடு வெறும் நிழல். எந்தப் பக்கம் திருப்பினாலும் நிற்கும் கோட்டைத்தான் ஆராய வேண்டும்.

டபுள் டை எழுத்தின் அடையாளம் அதன் மூலைகளில் இருக்கிறது. ஆங்கில டி எழுத்தின் மேல்கோடு முடியும் இடத்தை, அல்லது ஐ எழுத்தின் காலடியைப் பாருங்கள். உண்மையான இரட்டிப்பில் அந்த மூலை பிளவுபட்டு, இரண்டு முனைகளுக்கு நடுவில் சின்ன வெட்டு தெரியும். இரண்டு எழுத்துகளும் உருண்டையாக, முழு மேடாக இருக்கும். இரண்டும் சேர்ந்து எழுத்து வழக்கத்தைவிடத் தடிமனாக இருக்கும். அச்சில் பள்ளம் கூடியிருக்கிறது, அதனால் காசில் மேடு கூடியிருக்கிறது.

இதோடு அதிகம் குழப்பிக்கொள்ளப்படுவது, இயந்திர ஆட்டத்தால் வரும் இரட்டிப்பு. அச்சு இயந்திரத்தில் இறுக்கமாக உட்காராமல் இருந்தால், காசை அடித்து முடித்த கணத்தில் கொஞ்சம் நகர்ந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தைத் தள்ளி நசுக்கிவிடும். அங்கே படிக்கட்டு மாதிரி ஒரு தட்டையான திட்டு உண்டாகும். அது காசின் தரைக்கு ஒட்டித் தாழ்வாக இருக்கும், பெரும்பாலும் பளபளக்கும். முக்கியமான வித்தியாசம் அளவில் இருக்கிறது. ஓரம் நசுங்கியதால் எழுத்தின் மேல்பகுதி மெலிந்திருக்கும். டபுள் டை எழுத்தைத் தடிமனாக்கும், இயந்திர ஆட்டம் மெலிதாக்கும். இந்த ஒரு வரியை வைத்தே நிறையக் காசுகளைத் தள்ளிவிடலாம். இந்த வகை உலகம் முழுவதும் சாதாரணம். சேகரிப்பவர்கள் இதற்கென்று தனியாகக் காசு கொடுப்பதில்லை.

அச்சுக்கும் வயதாகும். லட்சக்கணக்கில் அடித்த பிறகு அதன் பள்ளங்களின் ஓரம் மழுங்கும். அப்போது வரும் எழுத்துகள் விளிம்பை நோக்கி வழிந்தது போல, கரையில்லாமல் மங்கலாக இருக்கும். தரையில் நெளி நெளியாகக் கோடுகளும் தெரியலாம். 1955 சென்டிலேயே இதற்கும் உதாரணம் இருக்கிறது. தேய்ந்துபோன அச்சில் அடித்த, ஆண்டின் கடைசி 5 எண்ணுக்குப் பக்கத்தில் நிழல் விழுந்த சென்டுகளை 'ஏழையின் டபுள் டை' என்ற பெயரில் அங்கே விற்கிறார்கள். உண்மையான 1955 டபுள் டை ஆயிரம் டாலரைத் தாண்டிப் போகும்போது இது சில்லறை விலைக்குத்தான் போகும். ஒரே ஆண்டு, ஒரே காசு, பார்வைக்கு இரண்டிலும் இரட்டை எழுத்து. காரணம் வேறு என்பதால் விலை மலைக்கும் மடுவுக்கும் ஆகிவிட்டது.

இதுவரை சொன்ன எல்லாம் நாணயச்சாலைக்குள் நடப்பவை. காசு வெளியே வந்த பிறகு அதற்கு நடப்பவைதான் நம் ஊரில் அதிகம் ஏமாற்றுகின்றன.

தேய்மானத்தை முதலில் பார்ப்போம். கை மாறி மாறி எழுத்தின் உச்சி தட்டையாகும். உச்சி வெளிச்சத்தில் மின்னும். எழுத்தின் சரிவான பக்கங்களில் விரல் படாது, அங்கே அழுக்கு கறுப்பாகத் தங்கும். மின்னும் உச்சியும் கறுத்த சரிவும் சேர்ந்து ஒரு எழுத்தின் பக்கத்தில் இன்னொரு எழுத்து இருப்பது போலக் காட்டும். கைப்பேசி கேமரா இதை இன்னும் அதிகமாக்கிவிடும். ஆனால் தேய்மானம் உலோகத்தை எடுக்குமே தவிரக் கொடுக்காது. தேய்ந்து தேய்ந்து எந்தக் காசிலும் புதிய மேடு முளைத்ததில்லை. அந்த 'இரண்டாவது எழுத்து' தனி மேடாக எழுந்து நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லை என்றால் பேச்சு முடிந்தது.

களிம்பு இன்னும் பொல்லாதது. டர்பன் கடற்கரை ஊர். காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே இருக்கும். 1923 முதல் 1960 வரை வந்த தென்னாப்பிரிக்கப் பென்னி வெண்கலம், செம்பு அதிகம் உள்ள கலவை. உப்பும் ஈரமும் செம்பைத் தொட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும். போதாததற்கு நம் வீடுகளில் அது மஞ்சள் நனைத்த துணிக்குள் முடிச்சாகக் கிடக்கும், அல்லது கலசத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். ஈரம் எங்கே நிற்கும்? எழுத்து தரையோடு சேரும் மூலையில் நிற்கும். அங்கேதான் அரிப்பு முதலில் தொடங்கும்.

இப்படி நேர்ந்து முடிந்து வைத்த ஒரு பென்னியை லென்ஸில் பார்த்திருக்கிறேன். கப்பல் படத்தைச் சுற்றி நாட்டின் பெயர் ஆங்கிலத்திலும் ஆப்பிரிகான்ஸிலும் இருக்கும் பழைய வகை. எஃப் எழுத்தின் இரண்டு கைகளுக்கு நடுவில் களிம்பு கெட்டியாக அடைத்திருந்தது. எழுத்தின் இடப்பக்கம் நெடுக, அடியை ஒட்டி ஒரு மெல்லிய வாய்க்கால் அரித்திருந்தது. அந்த வாய்க்காலின் வெளிக்கரை எழுத்துக்கு இணையாக ஓடியது. வெறும் கண்ணுக்கு அது அப்படியே இரண்டாவது எஃப். லென்ஸின் கீழே கதை வேறு. அந்தக் கரை தரையைவிட ஒரு துளிகூட உயரமில்லை, சுற்றியிருந்த தரை தாழ்ந்ததால் மேடு போலத் தெரிந்தது. அதன் ஓரம் சொரசொரப்பாக, ஊசியால் குத்தியது போலக் குழிகளோடு இருந்தது. எழுத்தே இல்லாத வெறும் இடத்திலும், கப்பலின் பாய்க்குப் பக்கத்தில், அதே மாதிரி குழிகள் இருந்தன.

இந்த வெறும் இடச் சோதனையை நான் மிகவும் நம்புகிறேன். அரிப்புக்கு எழுத்து, படம், காலி இடம் என்ற வேற்றுமை தெரியாது. எல்லா இடத்தையும் தின்னும். ஹப்போ படம் இருக்கும் இடத்தில் மட்டுமே இரட்டிப்பைப் பதிக்க முடியும். எழுத்தின் ஓரத்தில் இருக்கும் அதே சொரசொரப்பு காலித் தரையிலும் இருந்தால், அந்த 'இரட்டை எழுத்து' உப்பும் ஈரமும் செய்த வேலை.

புளி போட்டுத் தேய்ப்பதைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். பித்தளை விளக்கோடு சேர்த்துக் காசையும் புளியில் ஊறப்போட்டுத் தேய்ப்பது நம் வழக்கம். புளியின் அமிலம் களிம்பைக் கரைத்துவிடும், ஆனால் அரித்த குழியை நிரப்பாது. களிம்பு மூடியிருந்த வாய்க்கால் இப்போது சுத்தமான உலோகமாக, எழுத்தின் ஓரத்தோடு பளபளவென்று வெளியே வரும். தேய்ப்பதற்கு முன் யாருக்கும் சந்தேகமே வராத காசு, தேய்த்த பிறகு 'டபுள் டை' ஆகிவிடுகிறது. நஷ்டம் இன்னொரு பக்கமும் உண்டு. தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார்கள். உண்மையான பிழை இருந்த காசாகவே இருந்தாலும் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். பூஜைக்குப் போகும் காசைத் தாராளமாகத் தேயுங்கள். ஆராய எடுத்த காசைத் தொடாதீர்கள்.

புதிய காசுகளில் முலாம் வந்து சேர்கிறது. 1990களில் புழங்கிய ஒரு சென்ட், இரண்டு சென்ட், ஐந்து சென்ட் காசுகள் பார்க்கச் செம்பு, உள்ளே எஃகு. காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பழைய வெண்கலக் காசு ஒட்டாது. ஒரு காந்தம் இருந்தால் எந்த வகை நோயை எதிர்பார்க்கலாம் என்று உடனே தெரிந்துவிடும். அடிக்கும்போது எழுத்தின் ஓரத்தில் செம்புத் தோல் அதிகம் இழுபடுகிறது. அங்கே கிழிந்தால் எழுத்தை ஒட்டி வெள்ளிக் கோடு ஒன்று தெரியும், அதுவும் எழுத்தின் உருவத்தையே பின்தொடரும். பார்ப்பவருக்கு இரட்டைக் கோடு. நிறம் மாறியிருப்பதே இதற்கு அடையாளம். அச்சுப் பிழையில் இரண்டு எழுத்தும் ஒரே நிறமாக இருக்கும். கிழிந்த இடத்தில் ஈரம் புகுந்தால் உள்ளே எஃகு துருப்பிடித்து, தோலுக்கு அடியில் கொப்புளமாக எழும்பும். இது மேடாகவே இருப்பதால் கொஞ்சம் கவனம் வேண்டும். கொப்புளத்துக்குக் கூரான மூலை கிடையாது, பிளவுபட்ட முனை கிடையாது. ஒரு ரேண்ட், இரண்டு ரேண்ட் காசுகளில் செம்பின் மேல் நிக்கல் முலாம். அங்கே தோல் தேய்ந்தால் செம்பு நிறம் எட்டிப் பார்க்கும்.

பழைய தென்னாப்பிரிக்கக் காசு விளம்பரங்களில் 'டபுள் ஷாஃப்ட்' என்ற பெயரும் கண்ணில் படும். 1892-ல் டிரான்ஸ்வால் குடியரசின் தலைவராக இருந்த குரூகர் காலத்துக் காசுகளுக்குப் பெர்லினில் அச்சுத் தயாரானபோது, சின்னத்தில் இருக்கும் வண்டிக்கு ஒற்றை ஏர்க்காலுக்குப் பதில் இரண்டு வைத்துவிட்டார்கள். அது படம் வரைந்ததில் வந்த தவறு, இரட்டிப்பாகப் பதிந்ததல்ல. 1899-ல் போர் நடந்தபோது புதிய அச்சு கிடைக்காமல், 1898 என்று அடித்த பவுண்டு காசுகளின் மேல் சின்னதாக 99 என்று குத்தினார்கள். அது அடித்து முடித்த காசின் மேல் போட்ட முத்திரை. இரண்டுமே மதிப்புள்ளவை, இரண்டுமே டபுள் டை இல்லை. போலியும் அதிகம் என்பதால், இவை என்று சொல்லி யாராவது விற்க வந்தால் நம்பகமான வியாபாரியிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

மண்டேலா முகம் போட்ட ஐந்து ரேண்ட் காசுகள் விஷயத்திலும் எனக்கு இதே கவலை உண்டு. 2000-லும் 2008-லும் வந்தவை கடைத்தெருவில் புழங்கிய காசுகள். அவற்றுக்கு விளம்பரத்தில் கேட்கும் தொகையைப் பார்த்து ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர்கள் வாங்கி வைக்கிறார்கள். அதிலேயே 'இரட்டை எழுத்துப் பிழை' என்று ஒரு வரி சேர்த்தால் விலை இன்னும் ஏறுகிறது. படத்தில் தெரிவது பெரும்பாலும் இயந்திர ஆட்டத்தின் தட்டைத் திட்டுதான். விற்கிறவர் கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஏலத்தில் உண்மையிலேயே முடிந்த விலையை மட்டும் கணக்கில் எடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் உங்கள் காசு தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூலை பிளந்திருக்கிறது, இரண்டு எழுத்தும் உருண்டை மேடு, தரை வழுவழுப்பு, விலகல் எல்லா எழுத்திலும் ஒரே போக்கு. அப்போது செய்ய வேண்டியது ஜோடி தேடுவது. அதே ஆண்டு, அதே மதிப்புக் காசுகள் உறவினர் வீடுகளில், கோயிலில் சில்லறை எண்ணும் நண்பரிடம், பழைய பொருள் கடைக் கூடையில் எத்தனை கிடைக்குமோ அத்தனையும் பாருங்கள். முதலில் பிழையில்லாத காசு ஒன்றை எடுத்து உங்கள் காசின் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். எழுத்தின் இயல்பான தடிமன் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். பிறகு உங்கள் காசில் இருக்கும் அதே விலகல், அதே எழுத்தில், அதே பக்கம் இன்னொன்றில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். ஒன்று கிடைத்தாலும் போதும். இரண்டு காசு இரண்டு வீட்டில் கிடந்து ஒரே மாதிரி துருப்பிடிக்காது.

ஜோடி கிடைக்காவிட்டால் உடனே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. உண்மையான டபுள் டை காசும் தேயும். அப்படித் தேயும்போது மேலோட்டமாகப் பதிந்த இரண்டாவது எழுத்துதான் முதலில் மறையும். அதனால் நன்றாகத் தேய்ந்த காசை வைத்துக்கொண்டு உண்டு என்றோ இல்லை என்றோ சத்தியம் செய்ய முடியாது. அதைக் கழுவாமல் ஒரு காகித உறையில் போட்டு, ஆண்டையும் எந்த எழுத்தில் எந்தப் பக்கம் விலகல் என்பதையும் மேலே எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். பிவிசி வகை பிளாஸ்டிக் நாளடைவில் வெண்கலத்தின் மேல் பச்சையாகக் கசியும். படம் எடுத்து ஒரு நாணய வியாபாரிக்கு அனுப்புவதானால் மூன்று படம் அனுப்புங்கள்: முழுக் காசு ஒன்று, அந்த எழுத்து நேராக ஒன்று, விளக்கை எதிர்ப்பக்கம் மாற்றி வைத்து அதே எழுத்து இன்னொன்று. வெளிச்சம் மாறியும் கோடு நிற்கிறதா என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.